இலந்தையடியின் நாலு எல்லை

தம்பி ராசா,

வெள்ளிக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். இன்று திங்கள். நீயும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டீர்கள், துளசி யூனிவர்சிட்டிக்குப் போய்விட்டாள். குசினி மேசையில் கிடந்த உன் ஒல்லாந்தர் காலத்துக் காணிக் கடதாசிகளை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, பேத்தியின் கொப்பியில் எழுதுகிறேன். மூன்று கிழமையாக வாயால் சொல்லப் பார்த்தேன். சொல்ல வரும்போதெல்லாம் நீ வீட்டுப் படத்தை விரித்து, கூரைக்கு ஓடு போடுவதா சீற் போடுவதா என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்ததும் என் வாய் கட்டிவிடும். ஆகவே முதலிலேயே எழுதிவிடுகிறேன்: நீ வீடு கட்டப் போகிற இலந்தையடி வளவு இப்போது எங்களுடையது இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் நான் அதை அங்கே குடியிருக்கிற மனோன்மணிக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்துவிட்டேன். கொப்பியை எறிந்துவிட்டு எழும்பிப் போகாதே. கடைசி வரை வாசி.

முதலில் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். தாய் பிள்ளைக்கு நன்றி சொல்வதா என்று சிரிப்பாய். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எனக்குப் பின் பிறந்தவனைத் தூக்கி வைத்திருக்க வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் என்னை ஒரு கடதாசிக்கு முன்னால் இருத்தி, இதில் என்ன இருக்கிறது, பாருங்கோ என்று கேட்டதில்லை. நீ கேட்டாய். இத்தனை வருட வேலைக்குக் கிடைத்த நீண்ட லீவில் மற்றவர்கள் ஊர் சுற்றப் போனார்கள். நீ அந்த லீவை எங்கள் முன்னோரின் காணிப் பதிவுகளுக்குக் கொடுத்தாய். கடல் கடந்த ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த படங்களைப் பெரிதாக்கி அச்செடுத்து, எனக்கும் ஒரு கதிரை போட்டாய். "அம்மா, எழுத்தை வாசிக்காதேங்கோ, வடிவத்தைப் பாருங்கோ" என்றாய். கொக்கியும் வளையமுமாகக் கிடந்த அந்த எழுத்து, இறால் கூடை கவிழ்ந்த மாதிரி இருந்தது. பத்திரம் எழுதுகிறவரைச் சொல்கிற நொத்தாரிசு என்ற ஒரு சொல்தான் எனக்கு முதலில் பிடிபட்டது. அதை ஒல்லாந்தர் எங்கள் வாயிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோசம்! கம்ப்யூட்டரை வாசிக்கச் சொன்னால், வேலாத்தை என்ற கைம்பெண் தன் கப்பலைத் தானம் செய்தாள் என்றது. "அவவிட்ட கட்டுமரம்கூட இருந்திருக்காது" என்று நான் சொல்ல, நீயும் துளசியும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் நன்றி.

ஒவ்வொரு காணி உறுதிப் பத்திரமும் ஒரே நடையில் நடக்கும் என்று நீ சொல்லித் தந்தாய். இன்னார் என் முன் தோன்றினார் என்று தொடங்கும். பிறகு பெயர், ஊர், கொடுக்கிற பொருள். பிறகு காணியின் நாலு எல்லை. பிறகு, எழுதியதை மலபார் மொழியில் வாசித்துக் காட்டினோம், அவருக்கு விளங்கியது, ஒருவரும் வற்புறுத்தவில்லை என்ற வசனம். அந்தக் காலத்தில் ஒல்லாந்தர் தமிழை மலபார் மொழி என்றுதான் சொல்வார்களாம். கடைசியில் சாட்சிகள். எழுதத் தெரியாத ஆளென்றால் ஒரு கீறல். அதைச் சுற்றி, இது இன்னார் தன் கையால் இட்ட அடையாளம் என்று எழுத்தர் எழுதிவைப்பார். வேலாத்தை குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கீறல் போட்டிருந்தாள். நெடுங்கீறல் கொஞ்சம் சரிந்து இருந்தது. நான் அதில் விரலை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். நாங்கள் வேலாத்தை வழி என்று சொல்லிச் சொல்லித்தான் என் அம்மா எனக்குச் சோறு ஊட்டினாள். நானும் அதையே உனக்குச் சொன்னேன். நீ இந்தத் தேடலில் இறங்கியதே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான்.

அந்தப் பக்கத்தை நீ முழுதாக வாசித்து முடித்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? வேலாத்தை இலந்தையடியில் ஒரு துண்டை, தன் வளவுக்குள் கொட்டில் போட்டு இருந்த கதிரன் என்ற வெளியூர்க்காரனுக்குக் கொடுத்திருக்கிறாள். விலை இல்லை. அவனும் பெண்சாதியும் நெடுங்காலம் தனக்குக் காட்டிய அன்புக்காக என்று மட்டும் இருந்தது. நீ கோபத்தில் மேசையில் தட்டினாய்.

"இது சுத்த ஏமாத்து அம்மா. மனுசிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. புருசனும் இல்லை. வந்தவன் நல்லாச் சுத்திப்போட்டான்."

"அவவே விரும்பிக் குடுத்தனான் எண்டு எழுதியிருக்கெல்லோ?"

"அது எல்லா உறுதியிலயும் வாற வசனம். எழுதுறவன் பழக்கத்தில எழுதுறது. ஆர் அவவிட்டக் கேட்டிருக்கப் போயினம்?"

துளசியும் சேர்ந்துகொண்டாள். "ஷீ காட் ஸ்காம்ட், அப்பம்மா. டோட்டலி." நானும் என் பங்குக்கு, அந்தக் கதிரன் நாசமாய்ப் போவான் என்று திட்டினேன். மண்ணுக்குள் போய் எத்தனையோ தலைமுறையான மனிதனை, சிட்னியில் ஒரு குசினியில் இருந்து மூன்று பேர் திட்டினோம்.

அடுத்த கிழமை நீ அந்தத் துண்டு எங்கே இருந்தது என்று தேடத் தொடங்கினாய். பக்கத்தின் இடது ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. எந்த எல்லை எந்தத் திசை என்று எழுதிய சொற்கள் போய்விட்டன. குளம், ஒழுங்கை, கோயில் காணி, வேலாத்தையின் மீதி நிலம் என்ற நாலும் வரிசையாக மிஞ்சியிருந்தன. நீ கம்ப்யூட்டரில் ஊரை மேலிருந்து பார்க்கிற படத்தைத் திறந்து, வடக்கில் தொடங்கி, மணிக்கூடு சுற்றுகிற பக்கமாக ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்தாய். வடக்கே குளம், கிழக்கே ஒழுங்கை. இரண்டு நாள் பார்த்தும் எங்கேயும் பொருந்தவில்லை. குளம் வர வேண்டிய இடத்தில் பள்ளிக்கூடம் வந்தது. "அந்தத் துண்டு அழிஞ்சு போச்சு அம்மா" என்று லப்டொப்பை மூடினாய்.

நான் அப்போது வாழைக்காய் சீவிக்கொண்டு நின்றேன். "ஏன் ராசா வடக்கில துவங்கிறாய்? உறுதியில எல்லை கிழக்கிலயெல்லோ துவங்கும்? கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு" என்றேன். நீ திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாய். தெரியாமல் எப்படி? இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் என் சீதன உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு திரிந்தவள் நான். ஒவ்வொரு கோயில் மண்டபத்திலும், ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும், இன்னும் இருக்கிறதா என்று எடுத்துப் பார்ப்பேன், எடுத்தால் வாசிப்பேன். நான் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்த ஒரே புத்தகம் அதுதான். கையை வாழைக்காய்ப் பாலோடு வைத்துக்கொண்டே ஒப்புவித்தேன்: கிழக்கு குளம், வடக்கு ஒழுங்கை, மேற்கு கோயில் காணி, தெற்கு பிறர் வளவு. நீ கிழக்கில் தொடங்கி வைத்தாய். குளம் குளத்தில் விழுந்தது. ஒழுங்கை ஒழுங்கையில் விழுந்தது. நீ திரையில் விரலை வைத்தாய். பிறகு, "அம்மா, இது எங்கட வளவு" என்றாய்.

துளசிக்குத்தான் முதலில் விளங்கியது. "ஹாங் ஓன். அப்ப நாங்க வேலாத்தை இல்லை. வீ ஆர் த கதிரன்ஸ்!" பின்னால் வந்த பதிவுகளையும் நீ தேடி எடுத்தாய். கதிரனின் மகளுக்குச் சீதனம், அவளுடைய மகளுக்குச் சீதனம் என்று அந்தத் துண்டு பெண் வழியே இறங்கி இறங்கி, என் உறுதியில் முன்னோர் என்று எழுதியிருக்கிற பெயரில் வந்து நின்றது. போன கிழமை நாசமாய்ப் போவான் என்று நான் திட்டியது என் சொந்தப் பாட்டனை. நீங்கள் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே ஒன்று கழன்று விழுந்தது, தம்பி. வேலாத்தை வழி என்ற பெருமையை வைத்து நான் எத்தனை பேரை எங்கள் விறாந்தைக்குக் கீழே நிறுத்திக் கதைத்திருக்கிறேன்! அந்தப் பெருமை எங்களுடையதே இல்லை. நாங்கள் அவளுடைய வளவுக்குள் கொட்டில் போட்டு இருந்த ஆட்கள்.

உனக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. "ஆர் வழியெண்டால் என்னம்மா? ஒல்லாந்தர் காலத்தில இருந்து எங்கட காணி. அங்க ஒரு வீடு கட்டாமல் நான் சாக மாட்டன்" என்றாய். அன்றைக்கே விமான ரிக்கற் போட்டாய். உறுதி எங்கே என்று கேட்டாய். பெட்டிக்குள் எங்கேயோ கிடக்கும், உனக்கு வேண்டியது எனக்கு மனப்பாடம் என்றேன். பொய். அதை மனோன்மணிக்கு அனுப்பி இரண்டு வருடம். பிறகு நீ, "அங்க இருக்கிற ஆக்களுக்கு வேற இடம் பாத்துக் குடுப்பம், நேர போய் நானே சொல்லுறன்" என்றாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. எல்லையைக் காட்டி உன்னை அங்கே அனுப்புகிறவளும் நான், காணி இல்லை என்பதை மறைத்தவளும் நான்.

இனி, உனக்கு நான் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். துளசி பிறக்கிற நேரம் ஆறு மாதத்துக்கு என்று இங்கே வந்தேன். அப்பா வர மாட்டேன் என்றார், உனக்குத் தெரியும். நான் வந்த பிறகு சண்டை மூண்டு, ஊருக்குப் போகிற பாதையைப் பூட்டினார்கள். அதற்குள் அவரைப் பாரிசவாதம் விழுத்தியது. எனக்குப் போக வழியில்லை. உனக்கு அப்போது இங்கே குடியுரிமை இல்லை, போயிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டாய். மனோன்மணி குடும்பம் இடம்பெயர்ந்து வந்து, இலந்தையடி வீட்டில் எங்கள் பக்கத்து அறையில் இருந்தது. காணி பார்க்கிற ஆட்கள் என்றுதான் நான் உனக்குச் சொல்லி வந்தேன். அவள் பார்த்தது காணியை மட்டும் இல்லை. ஒன்றரை வருடம் உன் அப்பாவைக் குளிப்பாட்டி, மலசலம் எடுத்து, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். படுக்கைப்புண் வராமல் இரவு பகலாகத் திருப்பிப் படுக்க வைத்தாள். நான் தொலைபேசியில் அழுதால், "ஐயா இண்டைக்குச் சிரிச்சவர் அக்கா, நீங்கள் அழாதேங்கோ" என்பாள்.

அப்பா போன அன்று ஊரடங்கு. வரக்கூடிய தூரத்தில் சொந்தக்காரர் இரண்டு வீடு இருந்தது. அந்த வீட்டில் வேறு சாதி ஆட்கள் புழங்குகிறார்கள் என்று அவர்களும் வரவில்லை. பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தான் என்று நான் உனக்குச் சொன்னேன் அல்லவா? அதுவும் பொய். மனோன்மணியின் புருசன்தான் தலையை மழித்து, உன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தான். மகன் இடத்தில் நின்று எல்லாம் செய்தான். நீ மனம் நோவாய் என்று மறைத்தேன் என இவ்வளவு காலமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எங்கள் வீட்டுக் கொள்ளியை இன்ன ஆள் வைத்தான் என்று ஊர் கதைக்குமே என்று வெட்கப்பட்டேன். மகன் இடத்தில் நின்றவனுக்கு வாய் திறந்து நன்றி சொல்லாமல் பல வருடம் இருந்துவிட்டேன். போன வருடத்துக்கு முந்திய வருடம் அவனும் செத்துப் போனான். மனோன்மணி அதைச் சொல்லத் தொலைபேசி எடுத்தபோதும் முதலில் கேட்டது, "அக்கா, முழங்கால் வலி எப்பிடி?" என்றுதான். போனை வைத்தேன். அன்றைக்கு என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

அடுத்த கிழமை, மூத்தோர் கூட்டத்துக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, பென்டில் ஹில்லில் ரயில் ஏறி, தனியாகப் பரமட்டாவில் இறங்கினேன். ஒரு சட்டத்தரணியின் கந்தோர். ஊரில் உறுதி முடிக்கிறவருக்கு இங்கிருந்து அதிகாரம் கொடுக்கிற பத்திரம் எழுதினார்கள். ஒரு தமிழ்ப் பிள்ளை, துளசியைவிட நாலைந்து வயது கூட இருக்கும், மொழிபெயர்க்க வந்திருந்தாள். முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டினாள். பிறகு, "அன்ரி, இது உங்களுக்கு விளங்கினதோ? ஆரும் உங்களை வற்புறுத்தினவையோ?" என்று கேட்டாள். அவளுக்கு அது நாளுக்குப் பத்துத் தரம் கேட்கிற கேள்வியாக இருக்கலாம். எனக்கு அப்படி இல்லை. என் கலியாணத்தை என்னிடம் கேட்டுச் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தால் மறித்தபோது கேட்கவில்லை. ஊரை விட்டு ஓடியபோது ஒருவரும் கேட்கவில்லை. எழுபது வயது தாண்டி, முதல் தடவையாக ஒரு மேசைக்கு முன்னால் ஒருத்தி, உன் விருப்பமா என்று கேட்கிறாள். "ஒருத்தரும் வற்புறுத்தேல்லைப் பிள்ளை. நான்தான் குடுக்கிறன்" என்றேன். ஒப்பம் வைத்தேன். பேனை கொஞ்சம் சரிந்துவிட்டது.

ஆகவேதான், அது எழுதுகிறவன் பழக்கத்தில் எழுதுகிற வசனம் என்று நீ சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. இருக்கலாம், ராசா. வேலாத்தையின் மனதுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது; கடதாசி அதைச் சொல்லாது. கதிரன் கள்ளனாகவும் இருந்திருக்கலாம். ஆனால் எழுதத் தெரியாதவள், புருசன் இல்லாதவள், அதனால் ஏமாந்தவள் என்று நீ ஒரே மூச்சில் வாசித்தாய். எழுதத் தெரியாதவளுக்கும் தன் காணி எது, தன் மனிதர் யார் என்று தெரிந்திருக்கும். பழைய கடதாசியை வாசிக்கும்போது அந்த ஆளுக்கு உன் அளவு புத்தியாவது இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வாசி. உயிரோடு இருக்கிற ஆட்களையும் அப்படியே வாசி. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த புத்திமதி.

கொடுத்ததற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அது என் சீதனம். கொடுக்க எனக்கு உரிமை இருந்தது. உனக்குத் தெரியாமல் கொடுத்ததற்கும், உன் அப்பாவின் சாவைப் பற்றி உன்னிடம் பொய் சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். உனக்குத்தான் அந்த வளவு என்று நீ சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து சொன்னவள் நான். அந்த வாக்கை உடைத்தேன். உன் ஆசையின் அளவு எனக்குத் தெரியும். நீ எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் நான் தாங்குவேன். ஆனால் வெள்ளிக்கிழமை போகாமல் விடாதே. நீ போக வேண்டும் என்பதற்காகத்தான் இப்போதாவது எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மூத்தோர் கூட்டத்தில் மலர் ஒன்று அச்சிடப் போகிறோம், ஏதாவது எழுதித் தாருங்கள் என்று என்னையும் கேட்டிருக்கிறார்கள். நீ சம்மதித்தால் இந்தக் கடிதத்தையே கொடுப்பேன். அங்கே வருகிறவர்கள் பலருக்கும் ஊரில் ஒரு வீடும், அதில் யாரோ ஒரு மனோன்மணியும் இருப்பார்கள். வேண்டாமென்றால் கொப்பி உன்னோடு இருக்கட்டும். எப்படியானாலும், ஐந்தாம் வகுப்புக்காரியை ஒல்லாந்தர் காலத்துக் கடதாசிக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தினாயே, அதற்கு நான் சாகும் வரை நன்றியோடு இருப்பேன். அந்தக் கதிரையில் இருந்திராவிட்டால் இதை எழுதுகிற துணிவு எனக்கு வந்திருக்காது.

மனோன்மணிக்கு நேற்றுப் போன் எடுத்து, நீ வருகிறாய் என்று சொன்னேன். அவள் பதறிவிட்டாள். "தம்பி வீடு கட்டப் போறாராம் எண்டு கேள்விப்பட்டனான் அக்கா. எனக்கேன் உறுதி? எழும்பச் சொன்னால் எழும்பிப் போறன்" என்றாள். "எழும்பச் சொல்ல எனக்கு இனி உரிமை இல்லையடி. அவன் உன்ர வீட்டுக்கு வாறான்" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, தம்பி மீன் சாப்பிடுவாரோ என்று கேட்டாள்.

பஸ்ஸால் இறங்கி, ஒழுங்கையால் நேரே நட. படலை பூட்டியிருக்காது. தள்ளித் திறந்துகொண்டு போய்விடாதே. வெளியில் நின்று, "மனோன்மணி அன்ரி" என்று கூப்பிடு. நாய் குரைக்கும், பயப்படாமல் நில். அவள் வந்து, "உள்ள வாங்கோ தம்பி" என்று சொன்ன பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போ.

அம்மா